ஓர் இலத்திரன் கூடினால் காந்தம் கூடுமா? கிழக்கிலிருந்து ஆராய நாலு வழிகள்

கைபேசியின் ஓஎல்ஈடி திரையில் ஒளி தருபவை சேதன மூலக்கூறுகள். மின்னோட்டம் பாயும்போது ஒரு மூலக்கூறு ஓர் இலத்திரனை வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றுகிறது. அந்த இலத்திரனை வைத்திருக்கும் சிறு நேரத்தில் மூலக்கூறின் காந்த இயல்பே வேறாகிவிடுகிறது. அந்த மாற்றத்தில் காந்தத் தன்மை எப்போது பிறக்கிறது, எப்போது மறைகிறது என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. இலங்கையின் கிழக்கே, வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இரசாயனவியல், பௌதிகவியல் மாணவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

"நம்மட இடத்தில இருந்து இதெல்லாம் செய்ய ஏலுமா சேர்?" என்று உடனே கேட்பார்கள். ஏலும். ஆனால் ஒரு சேதனக் குறைகடத்திக்கு மின்னேற்றம் கொடுத்து அதன் காந்தத்தைப் பார்க்க நாலு வழிகள் உண்டு, நாலும் நமக்கு ஒரே அளவில் பொருந்தாது. என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் செய்து பார்க்க விரும்புபவர் பொலிஅனிலீன் என்ற மின்கடத்தும் பல்பகுதியத்தை எடுக்கட்டும். கணினியில் செய்ய விரும்புபவர் தலோசயனின்கள் என்ற வளைய மூலக்கூறுகளை எடுக்கட்டும். மின்வாயிலால் ஏற்றம் கொடுக்கும் வழியையும், வயலோஜன் வழியையும் நான் தள்ளிவைக்கிறேன். முந்தியதற்கு வசதிக் குறைவு காரணம். பிந்தியதற்கு வேறு காரணம் இருக்கிறது.

முதலில் விடயம்

சாதாரண சேதன மூலக்கூறில் இலத்திரன்கள் எல்லாம் சோடி சோடியாக இருக்கும். ஒவ்வோர் இலத்திரனும் ஒரு சிறு காந்தம்போல நடக்கும், அந்த இயல்பே ஸ்பின். ஒன்றின் ஸ்பின் மேலே என்றால் மற்றதன் ஸ்பின் கீழே. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் மொத்தக் காந்தத் திருப்பம் பூச்சியம். பென்டசீன் என்ற சேதனக் குறைகடத்தி அப்படித்தான். அதற்கு ஓர் இலத்திரனைக் கொடுத்தாலும், அதிலிருந்து ஒன்றை எடுத்தாலும், ஒன்று சோடியில்லாமல் நிற்கும். ½ ஸ்பின் பிறக்கும், மூலக்கூறு பரகாந்தமாகும், அதாவது காந்தப்புலத்தால் மெல்ல ஈர்க்கப்படும். இதைக் கேட்டவுடன் "அப்படியென்றால் ஏற்றம் கூடக் கூடக் காந்தமும் கூடும்" என்று நினைக்கத் தோன்றும். அது அரைவாசிதான் சரி.

தலோசயனின் வளையத்தைப் பாருங்கள். சுவர்ப் பெயின்ற்றிலும் அச்சு மையிலும் வரும் ஆழ்ந்த நீலம் பெரும்பாலும் செப்புத் தலோசயனின்தான். நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் காபனும் நைதரசனும் கொண்ட தட்டையான வளையம். வளையத்தை மாற்றாமல் நடு அணுவை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு இலத்திரனைக் கொடுத்துப் பார்க்கலாம். நாகம் நடுவில் இருந்தால் முதலில் ஸ்பின் இல்லை. கொடுத்த இலத்திரன் வளையத்தில் போய்த் தங்கும், ½ ஸ்பின் பிறக்கும். கோபாற்று நடுவில் இருந்தால் ஏற்கெனவே உலோகத்தில் ½ ஸ்பின் உண்டு. புதிய இலத்திரன் அந்த உலோகத்துக்கே போய்த் தனித்து நின்றதோடு சோடி சேரும், இருந்த காந்தமும் போய்விடும். செப்பு நடுவில் இருந்தாலும் முதலிலேயே ½ ஸ்பின் உண்டு, ஆனால் புதிய இலத்திரன் செப்புக்குப் போகாமல் வளையத்தில் தங்கும். இப்போது ஒரே மூலக்கூறில் இரண்டு தனி ஸ்பின்கள். அவை ஒரே திசையில் நின்றால் மொத்தம் 1, எதிரெதிராக நின்றால் 0. ஆக, ஒரே வளையத்துக்கு ஒரே ஏற்றம் கொடுத்து மூன்று வேறு விடைகள் கிடைக்கின்றன. விடையைத் தீர்மானிப்பது புதிய இலத்திரன் எந்த ஒபிற்றலில், அதாவது இலத்திரன் தங்கும் எந்த இடத்தில், போய் உட்காருகிறது என்பதுதான்.

60 காபன் அணுக்கள் பந்துபோல் அமைந்த சி60 இன்னொரு பாடம் தருகிறது. 1991இல் டிடிஏஈ என்ற சேதன வழங்கியோடு சி60ஐச் சேர்த்தபோது, வழங்கியிடமிருந்து இலத்திரனைப் பெற்ற சி60 பளிங்கு 16 கெல்வினுக்குக் கீழே பெரோ காந்தமானது. அதே ஆண்டு சி60 ஒன்றுக்கு மூன்று பொற்றாசியம் சேர்த்த பளிங்கு 18 கெல்வின் அளவில் மீகடத்தியானது. நாலு பொற்றாசியம் சேர்த்தால் காந்தமற்ற காவலி. ஆறு சேர்த்தால், புதிய இலத்திரன்கள் போய்த் தங்கும் மட்டத்து மூன்று ஒபிற்றல்களும் நிரம்பி மீண்டும் காவலி. ஏற்றத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகையில் காந்தம் வந்து, போய், வேறொன்றாக உருமாறுகிறது.

ஆகவே நல்ல செயற்றிட்டம் என்பது "ஏற்றினேன், ஸ்பின் வந்தது" என்று காட்டுவதோடு நிற்கக் கூடாது. எங்கே வந்தது, எங்கே சோடி சேர்ந்து மறைந்தது என்ற இரண்டையும் காட்ட வேண்டும். நாலு வழிகளையும் நான் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

மின்வாயில் வழி

ஒரு காவலிப் படலத்தின் மேல் சேதனக் குறைகடத்தியை மெல்லிதாகப் படியவிட்டு, கீழிருந்து அழுத்தம் கொடுத்தால் ஏற்றம் இடைமுகத்தில் சேரும். வேறு எந்த இரசாயனமும் கலக்காததால் கொள்கையளவில் இதுதான் மிகத் தூய வழி. இப்படிச் சேர்த்த ஏற்றத்தின் ஸ்பின்னை அளந்து, பென்டசீனில் ஒரு துளை, அதாவது இலத்திரன் ஒன்று போன நேரேற்ற இடம், சுமார் 10 மூலக்கூறுகளில் பரவி நிற்கிறது என்று யப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அருமையான வேலை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சதுரச் சென்ரிமீற்றருக்கு 10 நானோபரட் கொள்ளளவமுள்ள காவலிக்கு 50 வோற்று கொடுத்தால் சேரும் ஏற்றங்கள் ஏறத்தாழ 3×10¹². பி3எச்டி என்ற பல்பகுதியத்தில் ஒரு மில்லிகிராமை எடுத்து, அதன் அலகுகளில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் இரசாயன முறையில் ஏற்றினால் 3.6×10¹⁶ ஸ்பின்கள். பன்னிரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். முதலாவதைக் காண உயர்ந்த உணர்திறனுள்ள கருவியும், வெற்றிடப் படிவு வசதியும், பல மாதப் பொறுமையும் வேண்டும். முதுமாணிப் பட்டத்துக்கு வெளியூர் போகும்போது எடுக்கலாம்.

வயலோஜன் வழி

கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட அழகான பரிசோதனை கிடையாது. மெதைல் வயலோஜனின் இரட்டை நேரேற்ற அயன் நிறமற்றது, ஸ்பின் அற்றது. மின்வாயிடமிருந்து ஓர் இலத்திரனை வாங்கியதும் கடும் நீலமாகும், ½ ஸ்பின் வரும். நீரில் செறிவு கூடினால் அப்படியான இரண்டு அயன்கள் முகத்தோடு முகம் ஒட்டிச் சோடி சேரும், நிறம் ஊதாவாகச் சாயும், ஸ்பின் மறையும். இன்னோர் இலத்திரனும் கொடுத்தால் நடுநிலை மூலக்கூறாகி, மறுபடி ஸ்பின் அற்றதாகும். வருவதையும் மறைவதையும் ஒரே குவளையில் காட்டும். ஒட்சிசன் பட்டால் நீலம் உடனே போய்விடும் என்பதால் நைதரசன் வாயுவைக் குமிழியிட்டுக்கொண்டே செய்ய வேண்டும், அது பெரிய தடையல்ல.

தடை வேறு. மெதைல் வயலோஜன் குளோரைட்டின் மற்றப் பெயர் பரகுவாட். ஒரு காலத்தில் கிராமொக்சோன் என்ற பெயரில் நம் வயல்வெளிகளில் தெளிக்கப்பட்ட அதே களைநாசினி. அதற்கு மாற்று மருந்து இல்லை. 2008 முதல் 2011 வரையான காலத்தில் இலங்கை அதைப் படிப்படியாகத் தடை செய்தது, நஞ்சருந்திய மரணங்கள் குறைந்ததில் அத்தகைய தடைகளுக்குப் பெரும் பங்குண்டு. படுவான்கரையிலும் அம்பாறை வயற்பகுதிகளிலும் அந்தப் பெயரைக் கேட்டதும் வாய் மூடிப்போகும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பொருளைப் பட்டப்படிப்பு மாணவரின் மேசைக்குக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். எதைல் வயலோஜன் சற்று மாறிய மூலக்கூறுதான், ஆனால் அதைத் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ளவும் நான் தயாரில்லை.

அந்த நீல நிறப் பிறப்பைப் பார்க்கும் ஆசை இருந்தால் டிஎம்பிடி போதும். நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களில் ஒட்சிடேசுப் பரிசோதனைக்குப் பயன்படும் சோதனைப்பொருள் அது. மெல்ல ஒட்சியேற்றினால் ஓர் இலத்திரனை இழந்து, தனி இலத்திரனுள்ள நீலமான மூலிக அயனாகும். அதன் உறவினரான அரைல் அமீன்கள்தான் ஓஎல்ஈடியில் துளைகளைக் கடத்துகின்றன, ஆகவே தலைப்புக்கும் பொருத்தம். முழுச் செயற்றிட்டமாக அல்ல, முதல் வாரத்தில் கை பழக.

பொலிஅனிலீன்: நம் காலநிலைக்கு ஏற்றது

இலத்திரனைக் கொடுத்து எதிரேற்ற மூலக்கூறு செய்வதற்கும், எடுத்து நேரேற்ற மூலக்கூறு செய்வதற்கும் நம் ஊரில் பெரிய வேறுபாடு உண்டு. எதிரேற்ற வகை, தன் மேலதிக இலத்திரனை ஒட்சிசனுக்கும் ஈரத்துக்கும் பறிகொடுத்துவிடும். அதைக் காக்கக் கையுறைப் பெட்டி வேண்டும், ஒட்சிசனும் நீரும் அகற்றிய வாயு வேண்டும். வாவிக்கரையில், மாரி காலத்தில், சாளரத்தைத் திறந்தாலே மேசை ஈரமாகும் இடத்தில் அந்தப் போராட்டத்தைத் தொடங்க வேண்டாம். நேரேற்ற வகையே நமக்குச் சரி. அதில் முதலிடம் பொலிஅனிலீனுக்கு.

காரணம் எளிமை மட்டுமல்ல. மற்றப் பல்பகுதியங்களை ஏற்ற, ஒட்சியேற்றி இலத்திரனை வெளியே எடுக்க வேண்டும். பொலிஅனிலீனின் ஏற்றமற்ற நீல வடிவமான எமரல்டீன் மூலத்துக்கோ அமிலம் மட்டும் போதும். புரோத்தன் வந்து நைதரசனில் ஒட்டுகிறது, சங்கிலி நேரேற்றம் பெறுகிறது, ஆனால் சங்கிலியின் இலத்திரன் எண்ணிக்கை மாறுவதே இல்லை. அப்படியிருந்தும் ஸ்பின் பிறக்கிறது! முதலில் இரண்டு நேரேற்றங்கள் ஒரே இடத்தில் இருபோலரனாகச் சேர்ந்து நிற்கும், அதற்கு ஸ்பின் இல்லை. பிறகு அது பிரிந்து இரண்டு போலரன்களாகும், ஒவ்வொன்றுக்கும் ½ ஸ்பின். உள்ளேயிருந்த சோடியே கலைந்து காந்தமாகிறது. "ஏற்றம் வேறு, ஸ்பின் வேறு" என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மலிவான பொருளை நான் அறியேன். அமிலத்தை மேலும் கூட்டிப் போலரன்கள் நெருக்கமானால் அவை தனித்தனி ஸ்பின்களாக நடந்துகொள்ளாமல் உலோகத்தின் இலத்திரன்களைப் போல நடக்கத் தொடங்கும். வெப்பநிலை குறையக் குறையக் காந்த ஏற்புத்திறன் கூட வேண்டும் என்ற கியூரி விதி அங்கே தளர்ந்துவிடும். மாணவர் ஒருவர் எழுத வேண்டிய கலந்துரையாடல் அத்தியாயம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது.

தயாரிப்பு முறைக்குச் சர்வதேச இரசாயன ஒன்றியமான ஐயுபிஏசி 2002இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை இருக்கிறது. 0.2 மோலார் அனிலீன் ஐதரோகுளோரைட்டை 0.25 மோலார் அமோனியம் பேரொட்சிஇருசல்பேற்றால் நீரில், அறை வெப்பநிலையில் ஒட்சியேற்றுவது. வெவ்வேறு நாட்டு ஆய்வுகூடங்களில் வெவ்வேறு ஆட்கள் செய்தும் சராசரிக் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 4.4 சீமென்ஸ் அளவில் வந்தது. அதனால் உங்கள் மாதிரி சரியா என்று ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும். திரவ அனிலீனை விட அதன் ஐதரோகுளோரைட் உப்பைக் கையாள்வது எளிது. ஆனாலும் அது நஞ்சு, தோலூடாக உடம்பில் ஏறும். கையுறையும் பியூம் கபர்ட்டும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

கிடைக்கும் பச்சைத் தூளை அமோனியாக் கரைசலில் கழுவினால் நீல மூலம். அதைப் பங்குபோட்டு, வெவ்வேறு பீஎச் பெறுமானமுள்ள அமிலங்களில் ஊறவிட்டு ஒரு தொடரை உண்டாக்குங்கள். பீஎச் 3 அல்லது 4க்குக் கீழே போகும்போதுதான் மாற்றம் தெரியத் தொடங்கும், அந்தப் பகுதியில் இடைவெளிகளை நெருக்கமாக வையுங்கள். கடத்துதிறனையும் கட்புல உறிஞ்சலையும் உள்ளூரிலேயே அளக்கலாம். நீல மூலத்தின் 600 நானோமீற்றர் அளவிலான பட்டை குறைந்து, 430 அளவிலும் 800க்கு அப்பாலும் போலரன் பட்டைகள் எழுவது ஏற்றம் வந்ததற்குச் சான்று.

ஸ்பின் வந்ததற்குச் சான்று அதுவல்ல. அதற்கு இலத்திரன் ஸ்பின் பரிவு, அதாவது ஈஎஸ்ஆர் வேண்டும். 9.5 கிகாஹேட்சில் இயங்கும் சாதாரணக் கருவியில் 339 மில்லிடெஸ்லா அண்டையில் கோடு தெரியும். கருவி எங்கே இருக்கிறது, யாருக்கு நேரம் கிடைக்கும் என்பதைத் தலைப்பைப் பதியுமுன் மேற்பார்வையாளர் மூலம் எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் வராமல் அனிலீனுக்கு விலைமனு கோர வேண்டாம். ஈஎஸ்ஆருக்குப் பதிலாக, காந்தப்புலம் மாதிரியை இழுக்கும் விசையை அளக்கும் கூய் தராசில் நிறுத்துப் பார்ப்போமா என்றும் கேட்பார்கள். அறை வெப்பநிலையில் பத்து வளையத்துக்கு ஒரு ஸ்பின் இருந்தால், அதன் ஈர்ப்பும் சோடி இலத்திரன்கள் தரும் எதிர்விளைவும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும். சிறு தூசி கலந்தாலே விடை தலைகீழாகும். வேண்டாம்.

தூசி என்று சொன்னேன், இது முக்கியம். இந்த வேலையின் முதல் எதிரி இரும்பு. சிலர் பல்பகுதியங்களை ஏற்றப் பெரிக்குக் குளோரைட்டைப் பாவிப்பார்கள். அது விட்டுச்செல்லும் இரும்பு அயனில் ஐந்து தனி இலத்திரன்கள் இருக்கின்றன, காந்த ஏற்புத்திறனில் அப்படியான ஓர் அயன் ஏறத்தாழ 12 சேதன ஸ்பின்களுக்குச் சமம். நீங்கள் அளப்பது எதை என்றே தெரியாமல் போகும். உருக்குக் கரண்டியும் வேண்டாம், பிளாத்திக்கு அல்லது கண்ணாடி போதும். பி3எச்டியை எடுப்பவர் அயடீனால் ஏற்றலாம், அதன் மூவயடைட்டு அயனுக்குத் தனி இலத்திரன் கிடையாது. ஆனால் பி3எச்டி விலை கூடியது, இறக்குமதிக்குக் காத்திருக்கவும் வேண்டும்.

இரண்டாவது எதிரி ஒட்சிசன். அதன் மூலக்கூறிலேயே இரண்டு தனி இலத்திரன்கள் இருப்பதால் ஈஎஸ்ஆர் கோட்டை அகலமாக்கிவிடும். ஈரம் பொலிஅனிலீனின் கடத்துதிறனையும் கூட்டிக் காட்டும். கச்சான் வீசும் மாதங்களில் அளந்த மாதிரியை மார்கழியில் அளந்ததோடு ஒப்பிடாதீர்கள். தொடர் முழுவதையும் ஒரே கிழமையில், வெற்றிடத்தில் உலர்த்தி, மூடிய குழாயில் வைத்து அளங்கள்.

கணினியில் தலோசயனின்

ஆய்வுகூட நேரம் கிடைக்காதவருக்கும், தினமும் வந்துபோக முடியாத தூரத்தில் இருப்பவருக்கும் இதுதான் வழி. இதை இரண்டாந்தரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதிய இலத்திரன் எந்த ஒபிற்றலில் உட்காருகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு நேரடியாக விடை தருவது நாலு வழிகளில் இது ஒன்றே.

செப்புத் தலோசயனினில் 57 அணுக்கள். மூலக்கூறுகளின் இலத்திரன் நிலைகளைக் கணிக்கும் ஓர்கா என்ற மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், நல்ல மடிகணினியில் இந்த அளவு மூலக்கூறு ஓடும். நாகம், கோபாற்று, செப்பு ஆகிய மூன்றையும் நடுநிலையிலும் ஓர் எதிரேற்றத்தோடும் செய்யுங்கள். நடுநிலையின் விடை முன்பே தெரிந்தது, ஆகவே உங்கள் முறை சரியா என்பதற்கு அதுவே சோதனை. பிறகு ஏற்றிய நிலைக்குப் போங்கள்.

மூன்று இடங்களில் கவனம். எதிரேற்ற மூலக்கூறின் வெளி இலத்திரன் தளர்வாக இருப்பதால் அதற்கு, தொலைவுவரை பரவும் இலத்திரனை விவரிக்கும் விரிந்த அடித்தளச் சார்புகள் வேண்டும், இல்லாவிட்டால் சக்தி பிழைக்கும். வளையத்தில் சம சக்தியுள்ள இரண்டு ஒபிற்றல்களில் ஒன்றுக்கே இலத்திரன் போவதால் சதுர வடிவம் சற்றுக் கோணும், வடிவத்தைப் பூட்டிவைக்காதீர்கள். மூன்றாவதாக, வெளியீட்டில் வரும் ஸ்பின் வர்க்கத்தின் சராசரியை ஒவ்வொரு முறையும் பாருங்கள். ½ ஸ்பின்னுக்கு 0.75, மொத்தம் 1க்கு 2.00 வர வேண்டும். செப்பின் எதிரெதிர் நிலைக்கு 1 அளவில் வந்தால், அது தூய நிலையல்ல, இரண்டு நிலைகளின் கலவை.

செப்பில் ஒரே திசை நிலைக்கும் எதிரெதிர் நிலைக்கும் உள்ள சக்தி இடைவெளி சிறியது. கணிப்பில் இலத்திரன்களின் சக்தியைத் தோராயமாகத் தரும் அடர்த்திச் சார்புகள் பல உண்டு, அவற்றில் ஒரு சார்பில் கிடைத்த எண்ணை நம்பி முடிவு எழுதக் கூடாது. பி3எல்வைபி, பிபிஈ0 என இரண்டு மூன்று சார்புகளில் ஓட்டி, விடை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று அட்டவணையிடுங்கள். கோபாற்றில் இலத்திரன் உலோகத்துக்கா வளையத்துக்கா என்பதில் சார்புகள் முரண்பட்டால், அந்த முரண்பாடே ஒரு நல்ல அத்தியாயம். பரிசோதனையின் விடை உலோகம் என்பது மின்னிரசாயன அளவீடுகளிலிருந்து தெரிந்ததே, எந்தச் சார்பு தோற்றது என்று உங்களால் சொல்ல முடியும். 2011இல் வெள்ளி மேற்பரப்பில் படிந்த செப்புத் தலோசயனின் அங்கிருந்து இலத்திரனைப் பெற்று, வளைய ஸ்பின்னும் செப்பு ஸ்பின்னும் ஒரே திசையில் இணைந்து நின்றதை வருடு சுரங்க நுண்ணோக்கியால் கண்டார்கள். அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இந்த வழியின் குறை ஒன்றே. நீங்கள் கணிப்பது தனித்து நிற்கும் மூலக்கூறை. பக்கத்து மூலக்கூறோடு சோடி சேர்ந்து ஸ்பின் மறைவதை இது காட்டாது, பொலிஅனிலீன் தொடர் காட்டும்.

எவருக்கு எது

இரசாயனவியல் சிறப்புப் பிள்ளைக்குப் பொலிஅனிலீன், ஈஎஸ்ஆர் நேரம் எழுத்தில் உறுதியானால் மட்டும். உறுதியாகவில்லை என்றால் தயங்காமல் தலோசயனினுக்கு மாறுங்கள். கடத்துதிறனை மட்டும் அளந்துவிட்டு ஆய்வேட்டின் தலைப்பில் காந்தம் என்று போடுவது நேர்மையாகாது. பௌதிகவியல் பிள்ளைக்கு நேராகத் தலோசயனின். இருவர் சேர்ந்து செய்ய அனுமதி இருந்தால் ஒருவர் பொலிஅனிலீன் தொடரையும், மற்றவர் நாலு வளையமுள்ள குறுஞ்சங்கிலிக்கு இரண்டு புரோத்தன் கொடுத்த கணிப்பையும் எடுக்கலாம். இருபோலரனா, இரண்டு போலரனா என்ற ஒரே கேள்வியை இரண்டு பக்கத்தாலும் பிடிக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மேல்.

ஈஎஸ்ஆருக்கு மாதிரி அனுப்பும்போது ஒவ்வொரு குழாயிலும் எத்தனை மில்லிகிராம் என்பதை நிறுத்து எழுதுங்கள். கூடவே டிபிபிஎச் என்ற நிலையான மூலிகத்தின் நிறை அறிந்த குழாய் ஒன்றையும் அனுப்புங்கள். அதில் மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு ஸ்பின், ஆகவே அதன் கோட்டின் பரப்போடு ஒப்பிட்டால்தான் உங்கள் மாதிரியின் ஸ்பின்களை எண்ண முடியும். அது இல்லாமல் வரும் வரைபடத்தில் கோடு இருக்கும், எண்ணிக்கை இருக்காது.